கொடியில் காய்ந்த எலிகள்

புது எலிகள் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. சின்னவளுக்கு முதலில் பொறுக்காமல் போனது அதுதான். எலிக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் அவள் வரைந்த எலிகளில் ஒன்றாவது சிரித்ததா? பசி, பயம், திருட்டு முழி, என்றைக்காவது வயிறு நிறைந்தால் கொஞ்சம் சோம்பல். எலி முகத்தில் வேறென்ன வரும்? இவையோ தொப்பியும் கழுத்துத் துணியும் மாட்டிக்கொண்டு, பற்பசை விளம்பரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவை போல வரிசையாக நின்றன.

புத்தகத்தின் புதுப் பதிப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டாள். அவள் படம் ஒன்றுகூட இல்லை. பழைய பதிப்புகளில், தலைப்புப் பக்கத்தின் பின்புறம், ‘ஓவியம்’ என்று போட்டு அவள் பெயர் பொடி எழுத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். படம் போனதும் அதுவும் கூடவே போய்விட்டது.

“எப்படி சித்தி இருக்கு?” என்றாள் பாப்பா. பெயர்தான் பாப்பா. நாற்பதைத் தாண்டிக் காதோரம் நரைத்துவிட்டது. அம்மா, அதாவது சின்னவளின் அக்கா, எழுதியவை, பேசியவை, பேசப்போகிறவை எல்லாம் இப்போது இவள் கையில்தான்.

“என் எலிங்க எங்கடி?”

“கோவிச்சுக்காதீங்க சித்தி. உங்க படமெல்லாம் ஒரே கறுப்பா இருக்குன்னு சொல்றாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க பயப்படுதுங்களாம்.”

“நீ பயந்தியா?”

பாப்பா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பயந்தேன் என்று எப்படிச் சொல்லுவாள்? அந்த எலிகள் பிறந்ததே இவளுக்குச் சாப்பாடு ஊட்டத்தான். ஒரு வாய் உள்ளே போக ஓர் எலி வேண்டும். எலி வராவிட்டால் வாய் திறக்காது. அப்படி வளர்ந்த வாய் இன்றைக்கு எலி கறுப்பு என்கிறது.

அக்கா வீட்டுக் கூடத்தில் பதிப்பகத்துப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். சின்ன வயசு, நல்ல மரியாதை, எதைக் கேட்டாலும் குறித்துக்கொள்கிற பழக்கம். சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, இந்தக் கதைய யார் பண்ணினாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“அம்மாதானே?” என்றாள் அந்தப் பெண், உள்ளறையைப் பார்த்தபடி.

சின்னவள் சொன்னாள். நாற்பது வருஷமாகச் சொல்லாததை அன்றைக்கு உட்கார்ந்து முழுசாகச் சொன்னாள்.

அக்காவும் தங்கையுமாக இரண்டு அறை உள்ள மாடிப் போர்ஷனில் இருந்த காலம் அது. அக்காவின் புருஷன் ‘இதோ வருகிறேன்’ என்று போனவன், போனவன்தான். கையில் குழந்தை. பெரியவள் பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள். சின்னவளுக்கு மருந்துப் புட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்களை அடிக்கும் அச்சகத்தில் வேலை, படம் வரைகிற பகுதியில், ராத்திரி ஷிப்ட். ஒருத்தி வர ஒருத்தி போவாள். வாசல்படியில் குழந்தை கை மாறும், சாவி கை மாறும், அவ்வளவுதான். உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடிந்தது வாரத்தில் ஒரு நாள்.

பகலில் குழந்தையை வைத்துக்கொண்டு சின்னவள் எலிகளை வரைந்தாள். அச்சகத்தில் தப்பாக அடித்துக் கழித்த லேபிள் தாள்களின் வெறும் பக்கத்தில், பேனாவும் கறுப்பு மையுமாக. மை காய வேண்டுமே, அதற்கு ஒரே இடம் சமையல்கட்டில் கட்டியிருந்த துணிக் கொடி. குழந்தையின் ஈரத் துணிகளுக்கு நடுவே கிளிப் போட்டு எலிகளைத் தொங்கவிடுவாள். சாயங்காலம் அவள் வேலைக்கு ஓடிய பிறகு, பெரியவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கொடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே போய், குழந்தைக்குக் கதையாகச் சொல்லுவாள். குழந்தை தூங்கியதும் சொன்னதை எழுதி வைப்பாள். எலிப் புத்தகம் இப்படித்தான் ஆயிற்று. மாவு மில்லில் குடியிருந்த எலிகள், மில்லுக்குப் பூனைகளைக் கொண்டுவந்து விட்டதும் கூடிப் பேசி, மாவுத் தொட்டியைக் கப்பலாக்கி, சாக்கைப் பாயாக்கி, ஆற்றைப் பிடித்துக் கடலுக்குப் போன கதை. எண்ணத் தெரிந்த எலி, காற்றை மோந்து மழை சொல்லும் எலி, எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருக்கும் துடுப்புக் கிழவன் எலி. யார் யார் வருகிறார்கள், என்ன நடக்கிறது என்பதெல்லாம் கொடியில் இருந்தது. வார்த்தை பெரியவளுடையது. அதில் சின்னவளுக்குச் சண்டையே இல்லை. அக்காவைப் போல ஒரு வரி எழுதச் சொன்னால் அவளுக்கு வேர்த்துவிடும்.

“அந்தக் கிழவன் எலி செத்துப்போய்த் திரும்பி வருமே, அதுகூடவா உங்க யோசனை?” என்று கேட்டாள் பதிப்பகத்துப் பெண். அந்த இடத்தைப் படித்து அவளும் சின்ன வயசில் அழுதிருக்கிறாளாம்.

“அது யார் யோசனையும் இல்லம்மா. அது ஒரு தப்பு.”

புயலில் துடுப்புக் கிழவன் மூழ்கிவிடுகிறான். கடைசிக்கு முந்தைய அத்தியாயம். மற்ற எலிகள் அழுதுகொண்டே கரை சேர்ந்தால், அங்கே ஒரு பாறையில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கிழவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் உயிரோடு இருக்கிறானா, அது வேறு உலகத்துக் கரையா என்று கதை சொல்லாது. இதைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நடந்தது என்னவென்றால், விளக்கோடு உட்கார்ந்திருக்கும் படம் புறப்படுகிற நாளின் படம். மற்றவர்கள் வந்து கப்பலேறக் கிழவன் இந்தக் கரையில் காத்திருக்கிறான், அவ்வளவுதான். இருட்டுக் காட்டச் சின்னவள் மையை அப்பிவிட்டாள். காயவில்லை. கிளிப்பைக் கழற்றி அடுப்புப் பக்கம், கொடியின் கடைசியில் மாட்டிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள். அக்காவிடம் சொல்ல நேரமில்லை. அக்கா வழக்கம்போல முனையிலிருந்து முனைக்கு வந்தாள். சற்று முன்னால் செத்த எலி முடிவில் உட்கார்ந்திருந்தது. காலையில் வந்து அதைப் படித்தபோது சின்னவள் முதலில் சிரித்தாள், பிறகு நின்றபடியே அழுதாள். “ஐயோ அக்கா, இது முதல் படம்” என்றாள். “இருக்கட்டும், இதுதான் நல்லாருக்கு” என்றாள் அக்கா. இருந்துவிட்டது.

புத்தகம் அச்சுக்குப் போனபோது அட்டையில் ஒரு பெயர் போதும் என்றார்களாம். ‘உன் பேர் வந்தா என்ன, என் பேர் வந்தா என்ன’ என்று சொன்னது சின்னவளின் வாய்தான். வாய்க்கு அப்போது இளம் வயசு. அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றாள் அக்கா. அடுத்த பதிப்பில் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்ததில் பேட்டி. பேட்டியில், அடுப்பில் பால் வைத்துவிட்டுச் சுவரோரம் ஓடிய எலியைப் பார்த்தபோது கதை தோன்றியது என்று அக்கா சொல்லியிருந்தாள். பால் பொங்கியது என்றுகூடச் சொல்லியிருந்தாள். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்ததாம். இங்கே பாம்பு கூடப் பிறந்ததாகவும் இருந்ததால் சின்னவளுக்குத் தடியெடுக்க மனசு வரவில்லை. படமாவது உள்ளே இருக்கிறதே, பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டாள். இன்றைக்கு அதுவும் இல்லை. இனிமேல் அந்தப் புத்தகத்துக்குள் அவள் வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் கிடையாது.

பதிப்பகத்துப் பெண் குறிப்பேட்டை மூடினாள். பாப்பா ஜன்னலைப் பார்த்தாள்.

“இந்தப் பதிப்பு அச்சாயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள் அந்தப் பெண். “ஆனா வெளியீட்டு விழாவுல அம்மா அவங்க வாயாலயே இதைச் சொல்லிட்டாங்கன்னா, அடுத்த அச்சுல அட்டையிலேயே ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். உங்க படத்தையும் திரும்பக் கொண்டுவரலாம். நான் எங்க முதலாளிகிட்ட பேசறேன்.”

சின்னவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். பெரியவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. சுவர் மெல்லிசு. எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“சொல்லுவியா?”

பெரியவள் கண்ணைத் திறந்தாள். “இவ்வளவு நாள் ஏண்டி வாயத் தொறக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

“நீ கேப்பேன்னு நான் பாத்தேன். கேக்கலன்னதும், சரி, உனக்கு அது வேண்டாம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது சுலபமா இருந்துச்சு.” நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சொல்றேன். மேடையில, அத்தனை பேர் முன்னால சொல்றேன். எனக்கும் இது தொண்டையில முள்ளுதாண்டி.”

அக்கா வாக்குக் கொடுத்தால் தவற மாட்டாள். கொடுக்கத்தான் இத்தனை வருஷம். அன்றைக்குச் சின்னவள் வீட்டுக்கு நடந்தே போனாள். பஸ் வந்தும் ஏறவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. விழா நாளன்று, இருக்கிறதில் நல்ல துணியை எடுத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள். பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் பெருமையடிப்பதாகப் பட்டது. விட்டுவிட்டாள்.

அரங்கம் நிறையப் பிள்ளைகள். காகித மீசை ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதி. சின்னவளுக்கு முதல் வரிசையில் இடம், குடும்பத்தார் என்ற முறையில். தலைமை தாங்கிய பேராசிரியர், துடுப்புக் கிழவனின் மரணமும் மீட்சியும் என்று பேசினார், பேசினார், பிள்ளைகள் நெளியும் வரைக்கும் பேசினார். பிறகு பெரியவளைக் கைத்தாங்கலாக ஒலிபெருக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பெரியவள் சுற்றி வளைக்கவில்லை.

“இந்தக் கதைய நான் பண்ணல” என்றாள். அரங்கம் அமைதியானது. “இது என் தங்கச்சி பண்ணின கதை. அவ படமா வரைஞ்சு துணிக் கொடியில காயப் போடுவா. நான் பாத்துப் பாத்து எழுதிக்கிட்டேன். எலியும் அவளுது, கப்பலும் அவளுது. நான் எழுதினது பாத்ததைத்தான். பேரை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். அது தப்பு. பால் பொங்குச்சுன்னு சொன்னது பொய். துடுப்புக் கிழவன் திரும்பி வர்றானே, அதுல ஒரு தத்துவமும் இல்ல. மை காயலன்னு அவ அந்தப் படத்தைக் கொடியில கடைசியா மாட்டிட்டா. நான் தெரியாம அதைக் கடைசியா எழுதிட்டேன்.” கையை நீட்டிக் காட்டினாள். “அதோ, முதல் வரிசையில உக்காந்திருக்காளே, அவதான் என் தங்கச்சி.”

ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா அக்காதான் என்று நினைத்தாள். எழுந்திருக்கலாமா என்று நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

அப்போது அரங்கம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. மனசு குளிர்ந்து போன சிரிப்பு. கொடி, கிளிப், காயாத மை என்று அவள் சொன்னதெல்லாம் அவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கிறது. சிரிப்பு கைதட்டலாயிற்று. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சின்னவளுக்குப் பின்னால் இருந்த அம்மாள் தன் மகளிடம், “பாத்தியா? எவ்வளவு பெரிய ஆளு, கொஞ்சமாவது கர்வம் இருக்கா பாரு” என்றாள். நாலைந்து பேர் சின்னவளைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். இப்படி ஓர் அக்கா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்கிற புன்னகை.

பேராசிரியர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இன்று கண்ணால் பார்த்தோம். தன் வாழ்நாள் படைப்பையே கொடியில் காய்ந்த துணி என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அதையும் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்!”

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேளதாளம் இல்லாத குறைதான், அவ்வளவு சத்தம். நாலு பேராகச் சால்வையோடு வந்து அவளை மூடிவிட்டார்கள்.

சின்னவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா இதைச் சொல்லியிருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். நம்பியிருப்பார்கள். இப்போது அக்கா ரொம்பப் பெரிய ஆளாகிவிட்டாள். அவள் உண்மையைச் சொன்னாலும் அது பணிவாகத்தான் காதில் விழும். இதை யார்மேல் பழி போடுவது என்றுகூடச் சின்னவளுக்குத் தெரியவில்லை. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

பதிப்பகத்துப் பெண்ணை மேடைப் படிக்கட்டருகே பிடித்தாள்.

“சொல்லிட்டாங்கம்மா. அந்த அட்டை...”

“கேட்டேன், கேட்டேன்! எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்றாள் அந்தப் பெண். நிஜமாகவே கண் சிவந்திருந்தது. “எங்க முதலாளியும் அசந்துட்டார். இந்தப் பேச்சை அப்படியே அடுத்த அச்சுல பின்னட்டையில போடப் போறோம்.”

“பேரு?”

அந்தப் பெண் சங்கடப்பட்டாள். சின்னவளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவங்க பெருந்தன்மையா ஒரு வார்த்தை சொன்னாங்க. அதை அப்படியே எடுத்துக்கிட்டு அவங்க பேருக்குப் பக்கத்துல இன்னொரு பேரைப் போட்டா, நாம அவங்களைச் சின்னவங்களாக்கின மாதிரி ஆயிடாதா? முதலாளி அப்படித்தான் சொல்றார். உங்களுக்கே தெரியும்.”

“உன்கிட்டதானே அன்னிக்கு எல்லாத்தையும் சொன்னேன்?”

“சொன்னீங்க” என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்து. “இன்னிக்கு அம்மா சொன்னதைக் கேட்டப்புறம், நீங்க அன்னிக்குச் சொன்னதுகூட... தப்பா நெனைக்காதீங்க, அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து வெளையாட்டா சொல்ற கதை மாதிரிதான் இருக்கு.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். இங்கே தாழியை உடைத்தது வெண்ணெயே. சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

மேடைக்குப் பக்கத்து அறையில் பெரியவளை உட்கார வைத்திருந்தார்கள். சில புத்தகங்களில் கையெழுத்துப் போட்டதும் விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. பாப்பா ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே பிள்ளைகளும் பெற்றோரும் வாங்கிய புத்தகத்தோடு வரிசையில் நின்றார்கள். வரிசை வாசல் வரைக்கும் போயிற்று.

பெரியவள் சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெளிந்திருந்தது. தூக்கிவந்த சுமையை இறக்கி வைத்தவளின் முகம். “சொல்லிட்டேன்டி” என்றாள். “இனிமே நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்.”

“சொன்னே” என்றாள் சின்னவள்.

“அவங்க நம்பலன்னா நான் என்ன பண்ண?”

நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததுதான் சின்னவளுக்கு எரிந்தது.

“சித்தி, ஒரு உதவி” என்றாள் பாப்பா, தயங்கித் தயங்கி. “பிள்ளைங்க ரொம்ப நேரமா நிக்குதுங்க. அம்மாவால இனிமே முடியாது. நீங்க போட்டுடுங்களேன். வரையத் தெரிஞ்ச உங்களுக்கு அம்மா கையெழுத்து வராததா? புத்தகத்தை உள்ள வாங்கிப் போட்டுத் திருப்பிக் குடுத்துடலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

பெரியவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று சின்னவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பெரியவள் துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். பதிப்பகத்துப் பெண் வாங்கி வந்த முதல் புத்தகத்தைத் திறந்து, தன் பெயரை எழுதினாள். கீழே ஓர் எலியும் போட்டாள், நாலே கோட்டில், சிரிக்காத எலி. அந்தப் பெண் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். பின்னாலேயே கதவில் ஓர் அம்மாள், மீசை ஒட்டிய பெண் குழந்தையோடு. அரங்கத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவள்.

“இதுல வேற யாரோ கிறுக்கியிருக்காங்க” என்றாள் அந்த அம்மாள், கோபமில்லாமல், கடையில் கிழிந்த துணியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. “குழந்தை ஆசையா வாங்கினது. மாத்திக் குடுத்துடுங்க.”

“மன்னிச்சுக்கோங்க, தெரியாம நடந்துடுச்சு” என்றாள் பதிப்பகத்துப் பெண். அந்தப் பிரதியை மேஜைக்கடியில் வைத்தாள். கட்டைப் பிரித்துப் புதுசாக ஒன்றை எடுத்துச் சின்னவள் முன்னால் விரித்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

சின்னவள் அக்காவின் பெயரை எழுதினாள். முதலெழுத்தின் சுழி, கடைசியில் அக்கா இழுக்கும் கோடு, எதுவும் பிசகவில்லை. புத்தகம் வெளியே போயிற்று.

“ஆமா, இதுதான்” என்று கதவுக்கு வெளியே அந்த அம்மாளின் குரல் கேட்டது. சின்னவள் அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டினாள்.